எம்பயர் ஸ்டேட் பில்டிங்: பேரப்பிள்ளைகளோடு போனால் இரண்டாம் மாடியை விட்டுவிடாதீர்கள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் படிப்பவர்களுக்கு உதவும். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு நியூயார்க் போகிறவர்கள் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தாராளமாகப் போகலாம். 86ஆம் மாடி வரைக்குமான சீட்டு போதும். 102ஆம் மாடிக்குத் தனியாகக் கொடுக்கும் பணம் தண்டம் என்பது என் கட்சி. மேலே போகும் வழியில் இரண்டாம் மாடியில் ஒரு கண்காட்சி இருக்கிறது. லிஃப்டைப் பிடிக்கிற அவசரத்தில் நிறையப் பேர் அதை நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். அந்தக் கட்டடம் எப்படி எழும்பியது என்ற கதை அங்கேதான் இருக்கிறது. இந்த விமர்சனமும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

நான் ரயில்வேயில் பாலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் திருச்சி. கர்டர், ரிவெட், துரு, பெயின்ட் என்றே காலம் போயிற்று. மகள் குடும்பம் நியூ ஜெர்சியில் இருப்பதால் அவ்வப்போது வந்துபோகிறேன். பேத்திக்கு 11 வயது, பேரனுக்கு 7. ஆகவே மேலிருந்து தெரியும் அழகைப் பற்றி என்னிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

உள்ளே போவதற்கு முன் ஒரு வேலை. கட்டடத்தின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் வலிக்கும், ஒன்றும் புரியாது. 23ஆம் தெருவில் இருக்கும் மேடிசன் சதுக்கப் பூங்காவுக்குப் போய் அங்கிருந்து வடக்கே பார்க்கச் சொல்லுங்கள். கொலுப்படி மாதிரி கட்டடம் உள்ளே தள்ளித் தள்ளி மேலே போவது தெரியும். "இது அழகுக்காகவா?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அழகுக்காக இல்லை, சட்டத்துக்காக. 1915இல் இதே ஊரில் ஈக்விட்டபிள் பில்டிங் என்று ஒன்று மனையை முழுக்க அடைத்து நேராக எழும்பி, சுற்றியுள்ள தெருக்களில் வெயிலே விழாமல் செய்துவிட்டது. அடுத்த வருஷமே நகராட்சி ஒரு விதி போட்டது. குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் போனால் தெருவிலிருந்து உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும். மனைப் பரப்பில் கால் பங்குக்குள் அடங்கிவிட்டால், அப்புறம் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். எம்பயர் ஸ்டேட்டின் மனை சுமார் 2 ஏக்கர். அதில் கால் பங்கு என்றாலே நல்ல அகலமான கோபுரம் கிடைத்துவிடும். 5 மாடி வரைக்கும் மனை முழுக்க, அதற்கு மேல் ஒடுங்கிய கோபுரம்.

வடிவத்துக்கு இன்னொரு காரணம் லிஃப்ட். கட்டடக் கலைஞர் வில்லியம் லாம்ப் உள்ளிருந்து வெளியே கணக்குப் போட்டவர். நடுவில் லிஃப்ட் கூண்டுகள், கழிப்பறை, குழாய். அவற்றைச் சுற்றி நடைபாதை. அதைச் சுற்றி அலுவலக அறைகள். எந்த அறையும் ஜன்னலிலிருந்து 28 அடிக்கு மேல் ஆழம் போகக் கூடாது, ஏனென்றால் அன்றைக்கு ஏசி கிடையாது, வெளிச்சமும் காற்றும் ஜன்னல் வழியாகத்தான். மேலே போகப் போகப் பல லிஃப்டுகள் பாதியிலேயே நின்றுவிடும், நடுப்பகுதி சுருங்கும், கூடவே கட்டடமும் சுருங்கும். இதைப் பேத்தியிடம் சொன்னபோது, "அப்போ லிஃப்ட்தான் பில்டிங்கோட ஷேப்பை முடிவு பண்ணுதா தாத்தா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. பெரிய அளவுக்கு ஆமாம்.

இனி உள்ளே. வாசல் 34ஆம் தெருப் பக்கம். பாதுகாப்புச் சோதனை, அப்புறம் ஒரு படம் எடுத்து விற்கிற வழக்கமான ஏற்பாடு. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கண்காட்சி தொடங்கும் இடத்தில் சர்வே கருவி போன்ற தொலைநோக்கிகள் இருக்கின்றன. கண்ணை வைத்துப் பார்த்தால் 1920களில் இந்த இடம் எப்படி இருந்தது என்று காட்டும். தியோடலைட்டோடு வாழ்ந்தவன் என்பதால் எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம். பேரனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினேன். அன்றைக்கு இங்கே இருந்தது வால்டார்ஃப் அஸ்டோரியா என்ற பெரிய ஹோட்டல். 1929 அக்டோபரில் அதை இடிக்க ஆரம்பித்தார்கள். இடித்ததில் பெரும்பகுதியைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். இப்போது செய்தால் சுற்றுச்சூழல் துறை உள்ளே தள்ளிவிடும்.

அந்த அக்டோபரை மறக்காமல் சொல்லுங்கள். அதே மாதக் கடைசியில்தான் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பணம் போட்ட ஜான் ராஸ்கோப் ஜெனரல் மோட்டார்ஸில் பெரிய பதவியில் இருந்தவர். முன்னால் நின்றவர் ஆல் ஸ்மித், நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் கவர்னர், 1928இல் ஜனாதிபதி தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவரிடம் தோற்றவர். சந்தை சரிந்தபோது வேறு யாராக இருந்தாலும் வேலையை நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை. மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸிடம் 2 கோடியே 75 லட்சம் டாலர் கடன் வாங்கி மேலே போனார்கள்.

உயரம் எப்படி முடிவானது என்பதைப் பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள். அதே சமயம் சில தெரு தள்ளி கிரைஸ்லர் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டியவர்கள் உச்சியில் வைக்கும் கூர்முனையைக் கட்டடத்துக்கு உள்ளேயே ரகசியமாக மாட்டி வைத்திருந்து, 1929 அக்டோபரில் ஒரே நாளில் மேலே தூக்கி நிறுத்தினார்கள். 1,046 அடி. இந்தப் பக்கம் திட்டமிட்டிருந்தது 1,050 அடி. 4 அடிதான் வித்தியாசம், நாளைக்கே அவன் ஒரு கம்பியை நட்டால் போச்சு. ஆகவே இவர்கள் மேலே 200 அடிக்கு ஒரு தண்டை வைத்தார்கள். அதற்குச் சொன்ன காரணம்தான் வேடிக்கை: ஆகாயக் கப்பல்களை அங்கே கட்டி நிறுத்துவார்களாம், பயணிகள் இறங்கி ஏழு நிமிடத்தில் தெருவுக்கு வந்துவிடுவார்களாம்! அந்த உயரத்தில், கட்டடத்தில் மோதி மேலெழும்பும் காற்றில், ஒரு வாயுக் கப்பலை மூக்கை மட்டும் கட்டி நிறுத்துவது எப்படி என்று கயிறு கட்டிப் பாரம் தூக்குகிற யாராவது ஒரு ரிக்கரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். 1931 செப்டம்பரில் ஒரு சின்னக் கப்பல் மூன்று நிமிடம் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். ஆனால் உயரம் 1,250 அடி ஆகிவிட்டது. ராஸ்கோப்புக்கு வேண்டியது அதுதான்.

அடுத்து வரும் கூடம்தான் நான் சொல்ல வந்தது. சுற்றிலும் சுவர்களில் கட்டுமானக் காலத்துக் காட்சிகள் ஓடுகின்றன. நடுவே உத்திரங்களும், வேலைக்காரர்களின் ஆளுயரச் சிலைகளும். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் எடுத்துக்கொண்டேதான் இருப்பார்கள். விடுங்கள். அவர்கள் களைத்த பிறகு சுவரைக் காட்டுங்கள்.

"தாத்தா, அந்த மாமா ஏன் டப்பாவை வச்சுக்கிட்டு நிக்கிறாரு?" என்றான் பேரன்.

ரிவெட் பிடிக்கிறவர் அவர். ரிவெட் என்றால் இரும்புத் தகடுகளைச் சேர்த்து இணைக்கும் தலையுள்ள ஆணி. இதை விளக்க எனக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ரிவெட் குழுவில் நான்கு பேர். ஒருவர் சின்ன உலையில் ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சுவார். சரியான நிறம் வந்ததும் இடுக்கியால் எடுத்து வீசுவார், சில சமயம் ஒரு மாடி தள்ளி மேலே நிற்பவருக்கு. அவர் அதைத் தகர டப்பாவில் பிடித்து, சாம்பலைத் தட்டிவிட்டு, உத்திரத்தின் துளையில் செருகுவார். மூன்றாமவர் தலைப்பக்கத்தைக் கனமான இரும்பால் அழுத்திப் பிடிப்பார், எங்கள் ஊரில் அந்த இரும்புக்கு டாலி என்று பெயர். நான்காமவர் காற்றுச் சுத்தியலால் மறுமுனையை அடித்து இன்னொரு தலை உண்டாக்குவார். ரிவெட் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால்தான் ஏன் சூடாக அடிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்குப் புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பாலங்களிலும் இதே முறைதான். ஆய்வுக்குப் போனால் சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டிப் பார்ப்போம், ஒரு விரலை மறுபக்கம் வைத்துக்கொண்டு. தளர்ந்த ரிவெட் விரலிலேயே தெரியும். நாங்கள் செய்தது ஆற்றுக்கு மேலே, முப்பது நாற்பது அடியில், சாரம் கட்டி. இங்கே ஆயிரம் அடியில் துணித் தொப்பியோடு நிற்கிறார்கள். இடுப்பில் கயிறு இல்லை, தலையில் ஹெல்மெட் இல்லை.

இப்போது வேகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குப் பிரமிப்பு உயரத்தில் இல்லை. 1930 ஜனவரியில் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். அடித்தளம் தரைக்குக் கீழே 55 அடியில், மன்ஹாட்டனின் கெட்டிப் பாறையில். மார்ச் 17இல் எஃகு வேலை தொடங்கியது. அது ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள், ஸ்மித்துக்கும் ஐரிஷ் வழி உண்டு, நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். 1931 மே 1இல் திறப்பு விழா. எஃகு வேலை தொடங்கியதிலிருந்து 410 நாள். வாரத்துக்குச் சராசரி நாலரை மாடி எஃகுச் சட்டம் ஏறியது. உச்ச வேகத்தில் 10 நாளில் 14 மாடி. நம் ஊரில் ஒரு ரயில்வே மேம்பாலத்துக்கு நிலம் எடுக்கவே எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் சுவர் முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன்.

எப்படி முடிந்தது? ஆள் பலம் மட்டும் இல்லை. 1930 ஆகஸ்டில் ஒரு நாள் 3,439 பேர் வேலை செய்திருக்கிறார்கள், பெரிய எண்தான். ஆனால் அத்தனை பேரை ஒரு நெரிசலான தெருவில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் இடிக்காமல் வேலை வாங்குவது வேறு வித்தை. ஸ்டாரெட் பிரதர்ஸ் அண்ட் ஈக்கன் என்ற ஒப்பந்தக்காரர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். சாமான் அடுக்கி வைக்க இடமே கிடையாது, ஐந்தாம் அவென்யூவை மூடவும் முடியாது. எஃகு பிட்ஸ்பர்க்கில் உருட்டி, துளையிட்டு, ஒவ்வொரு துண்டிலும் எந்த மாடி எந்த இடம் என்று எண் எழுதி, நியூ ஜெர்சிக் கிடங்குக்கு வரும். தேவைப்படும் அன்றைக்கு மட்டும் படகில் ஆற்றைக் கடந்து, லாரியில் வந்து, நேராக டெரிக் என்ற பளுதூக்கியின் கொக்கியில் ஏறும். கீழே இறக்கி வைக்கிற பேச்சே இல்லை.

செங்கல் 1 கோடி. அதைத் தெருவில் கொட்டி, தள்ளுவண்டியில் அள்ளிப் போவதுதான் அன்றைய வழக்கம். இவர்கள் லாரியிலிருந்து சரிவான குழாய் வழியாக அடித்தளத்தில் இருக்கும் பெரிய தொட்டியில் விழச் செய்தார்கள். தொட்டியின் அடியில் மூடியைத் திறந்தால் சின்ன வண்டியில் செங்கல் நிரம்பும். வண்டி தூக்கியில் ஏறி மேல் மாடிக்குப் போகும். அந்த மாடியில் குட்டித் தண்டவாளம் போட்டிருக்கும்! மாடிக்கு மாடி ஒரு சின்ன ரயில் பாதை, கையால் தள்ளும் வண்டி, திருப்புவதற்குச் சுழல்மேசை. கொத்தனார் நிற்கும் இடத்துக்கே செங்கல் போய்விடும். ரயில்வேக்காரன் எனக்கு இதைப் படித்தபோது உச்சி குளிர்ந்துவிட்டது. பேரனுக்கும் கட்டடத்துக்குள் ரயில் என்றதும்தான் முழுக் கவனமும் வந்தது.

சாப்பாட்டு விஷயமும் அப்படியே. 60ஆம் மாடியில் நிற்பவன் கீழே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் அரை நாள் போய்விடும். ஆகவே கட்டடம் உயர உயர வெவ்வேறு மாடிகளில் தற்காலிக உணவுக்கடைகளைத் திறந்தார்கள். மஸ்டர் ரோல், அதாவது வருகைப் பதிவு, எடுப்பவர்கள் ஆபீஸில் உட்கார்ந்திருக்கவில்லை, மாடி மாடியாகப் போய் ஆளைக் கண்ணால் பார்த்துக் குறித்தார்கள். அந்த வேலையைப் பார்த்தவர்களின் முழங்கால்களை நினைத்துக்கொண்டேன்.

வெளிச்சுவரிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, இதை மேடிசன் பூங்காவிலிருந்தே கவனிக்கலாம். சுண்ணாம்புக்கல் பட்டைகளுக்கும் ஜன்னல் வரிசைகளுக்கும் நடுவே பளபளப்பான உலோகப் பட்டைகள் கீழிருந்து மேல்வரை ஓடும். அவை கல்லின் ஓரத்தை மறைத்துவிடுகின்றன. ஓரம் தெரியாது என்றால் அதைச் சீராகச் செதுக்க வேண்டாம். இண்டியானாவிலிருந்து வந்த கல்லை அப்படியே பொருத்திக்கொண்டு போகலாம். கல்தச்சருக்குப் போகும் நாட்கள் மிச்சம். இந்த மாதிரி விஷயம் கண்காட்சியில் பெரிதாகக் கண்ணில் படாது, கூடப் போகிற பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அதனால்தான் முன்னாலேயே கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன்.

ஏன் இத்தனை அவசரம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். நியூயார்க்கில் அந்தக் காலத்தில் வாடகை ஒப்பந்தங்கள் மே 1ஆம் தேதிதான் தொடங்கும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் குடியேற நினைத்தவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், ஒரு வருஷ வாடகை போச்சு. கடனுக்கு வட்டியோ தினமும் ஏறும். அந்த ஒரு தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் மொத்தத் திட்டமும் போடப்பட்டது.

அந்தக் கூடத்தில் ஓடும் படங்களைப் பார்க்கும்போது லூயிஸ் ஹைன் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதற்கு முன்பு தொழிற்சாலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்து, குழந்தைத் தொழிலுக்கு எதிராக நாட்டை உலுக்கியவர் அவர். 1930இல் வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கனமான கேமராவோடு இந்த உத்திரங்களில் ஏறினார். சில படங்களுக்காகக் கட்டடத்துக்கு வெளியே தொங்கும் கூடையில் போய் நின்றிருக்கிறார். வயதானவர்களால் முடியாது என்று என் மாப்பிள்ளை சொல்லும்போதெல்லாம் இனி இதைச் சொல்வதாக இருக்கிறேன்.

இடையில் ஒன்று. உத்திரத்தில் வரிசையாக உட்கார்ந்து பதினொரு பேர் சாப்பிடும் படம் எல்லோருக்கும் தெரியும். தெருவில் விற்கிற பாதிப் பேர் அதை எம்பயர் ஸ்டேட் என்றே சொல்லி விற்கிறார்கள். அது 1932இல் ராக்ஃபெல்லர் சென்டரில் எடுத்தது. ஹைன் எடுத்ததும் அல்ல.

வேலை செய்தவர்களில் ஐரிஷ், இத்தாலியக் குடியேறிகள் நிறைய. நியூஃபவுண்ட்லாந்து மீனவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் உண்டு. மோஹாக் பழங்குடியினரும் உண்டு, கனடாவில் மான்ட்ரியல் பக்கத்துக் கானவாகே ஊர்க்காரர்கள். அவர்களுக்கு உயரத்தில் பயமே கிடையாது என்று ஒரு பேச்சு எங்கும் இருக்கிறது. பாலக்காரன் என்ற முறையில் அதை நான் ஏற்க மாட்டேன். 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போதே இடிந்து விழுந்தது. எங்கள் தொழிலில் அதைப் பாடமாகப் படிக்காதவர்கள் இல்லை. செத்த 75 பேரில் 33 பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள். அதற்குப் பிறகும் அந்த ஊர் ஆண்கள் எஃகு வேலைக்குப் போனார்கள் என்றால் பயம் இல்லாததால் அல்ல. வேலை அது, குடும்பம் இருக்கிறது, கையில் தொழில் இருக்கிறது. பேத்தியிடம் இப்படித்தான் சொன்னேன். எம்பயர் ஸ்டேட்டில் இறந்தவர்கள் அதிகாரபூர்வக் கணக்கில் 5 பேர். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் 14, 42 என்றெல்லாம் எழுதின. ஐந்தே என்றாலும் ஐந்து வீடு.

திறப்பு விழா நாளில் ஆல் ஸ்மித்தின் பேரப்பிள்ளைகள் இருவர் ரிப்பன் வெட்டினார்கள். ஸ்மித்தைத் தோற்கடித்த அதே ஹூவர், ஜனாதிபதியாக வாஷிங்டனில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானை அழுத்த, இங்கே விளக்கு எரிந்தது. செலவு நிலத்தோடு சேர்த்து 4 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல். பொருளாதார மந்தத்தில் கூலியும் சாமான் விலையும் விழுந்துவிட்டதால் போட்ட மதிப்பீட்டைவிடக் குறைவு. ஒப்பந்த வேலை மதிப்பீட்டுக்குள் முடிந்ததாக நான் கேள்விப்பட்டது அபூர்வம். ஆனால் அதே மந்தம் குடிவருபவர்களையும் விரட்டிவிட்டது. காலியாகக் கிடந்த மாடிகளைப் பார்த்து ஊரார் "எம்ப்ட்டி ஸ்டேட்" என்று கேலி செய்தார்கள். 1950 வாக்கில்தான் லாபம் கண்டது. ஆரம்ப வருஷங்களில் அதைத் தாங்கிப் பிடித்ததில் மேலே ஏறிப் பார்க்க வந்தவர்களின் சீட்டுக் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு நாம் கொடுப்பதும் அதே வழியில்தான் போகிறது.

லிஃப்ட் பகுதியும் நன்றாக இருக்கிறது. இங்கே 73 லிஃப்டுகள், செய்தது ஓட்டிஸ் கம்பெனி. எலிஷா ஓட்டிஸ் 1854இல் இதே நியூயார்க்கில் ஒரு பொருட்காட்சியில், தான் நிற்கும் மேடையின் கயிற்றை வெட்டச் சொல்லி, மேடை விழாமல் பிடித்து நிற்பதைக் காட்டியவர். அது இல்லாவிட்டால் ஆறு மாடிக்கு மேல் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். கூடவே 1945 கதையும் சொல்லலாம், பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்பார்கள்: பனிமூட்டத்தில் ஒரு ராணுவ விமானம் 79ஆம் மாடிப் பக்கம் மோதி 14 பேர் இறந்தார்கள். பெட்டி லூ ஆலிவர் என்ற லிஃப்ட் இயக்கும் பெண், வடம் அறுந்து 75 மாடி கீழே விழுந்தும் பிழைத்துக்கொண்டார். கட்டடத்தின் சட்டம் அசையவில்லை. ரிவெட் பிடிப்பு அப்படி.

அப்புறம் கிங் காங் அறை. பெரிய குரங்குக் கை சுவரைப் பிய்த்துக்கொண்டு வரும், அதன் பிடியில் நின்று படம் எடுக்கலாம். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பேரனுக்கு அந்த நாளின் உச்சமே அதுதான், அதை மறைத்து என்ன பயன்.

80ஆம் மாடிக்கு லிஃப்ட் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது, காது அடைக்கும், மிட்டாய் கொடுத்து வையுங்கள். 86 திறந்த வெளி. காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். வடகிழக்கில் கிரைஸ்லர் கட்டடம் நிற்கிறது, போட்டிக் கதையைச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள். இங்கே ஜன்னல்களைப் பற்றி ஒரு வரி: 2010இல் மொத்தம் 6,514 ஜன்னல்களையும் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே 5ஆம் மாடியில் ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடியையே பெரும்பாலும் வைத்து, குளிர் தாங்கும்படி திருப்பிச் செய்து மாட்டினார்கள். வெளியே ஒரு லோடு கூடப் போகாமல் வேலை முடிப்பது என்ற 1930இன் புத்தி அங்கே இன்னும் சாகவில்லை.

102ஆம் மாடி கண்ணாடி அடைத்த சின்ன அறை. 86இல் இருக்கிற காற்றும் திறப்பும் அங்கே இல்லை. உயரம்தான் முக்கியம் என்றால் இதைவிட உயரமான கட்டடங்கள் இப்போது அதே ஊரில் இருக்கின்றன, பணத்தை அங்கே கொடுங்கள்.

சீட்டு விலை நாளுக்கும் நேரத்துக்கும் தகுந்தபடி மாறும். பெரியவர்களுக்கு 40 டாலருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையும் நேரத்துக்கு இன்னும் கூடுதல். சின்னப் பிள்ளைகளுக்கும் 62 வயதைத் தாண்டியவர்களுக்கும் சலுகை உண்டு. கட்டடத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். பக்கத்துத் தெருக்களில் பளிச்சென்ற சட்டை போட்டவர்கள் வரிசையே இல்லாமல் அனுப்புகிறோம் என்று மடக்குவார்கள். அப்படி ஒருவரிடம் மாப்பிள்ளை முன்பு ஒருமுறை வாங்கியதில் கூடுதல் விலையும் போய், கடைசியில் எல்லோரும் நிற்கிற வரிசையில்தான் நின்றாராம். "காலையில எட்டு ஒம்போது மணி ஸ்லாட் எடுத்துக்குங்க மாமா, கூட்டமே இருக்காது" என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் இரண்டாம் மாடியில் சுவரோரமாக நின்று கதை சொன்னால் யாரும் பின்னாலிருந்து தள்ளவில்லை.

குறை என்று சொல்வதானால், காட்சிகள் வேகமாக மாறுகின்றன, சத்தமும் கொஞ்சம் அதிகம். ஏழு வயதுப் பிள்ளை தனியாகப் பார்த்தால் பிரமாண்டம் என்பது மட்டும்தான் மனதில் நிற்கும். உட்கார இடமும் குறைவு, மூட்டு வலிக்காரர்கள் கவனிக்கவும். எழுத்தெல்லாம் ஆங்கிலம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன்.

பசித்தால் கிழக்கே நடந்து லெக்சிங்டன் அவென்யூவில் 27, 28ஆம் தெருப் பக்கம் போங்கள், இட்லி தோசை கிடைக்கும். திரும்பும்போது ஒன்று செய்யலாம். எம்பயர் ஸ்டேட்டின் ரிவெட்டெல்லாம் கல்லுக்கும் பூச்சுக்கும் உள்ளே ஒளிந்துகொண்டிருக்கிறது, தொட முடியாது. ஆனால் நியூயார்க்கின் பழைய சுரங்க ரயில் நிலையங்களில் நடைமேடைத் தூண்களைப் பாருங்கள், உருண்டை உருண்டையாக ரிவெட் தலைகள் வரிசையாக இருக்கும். காசில்லாமல் தொட்டுப் பார்க்கலாம், தட்டியும் பார்க்கலாம். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஒரே அழுக்கு, கை கழுவத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.